தையப் மேத்தாவின் ‘கூடல்’: ஓவியக் கண்ணும் திரைக் கண்ணும்

தமிழ்ச் சொல் ஒன்று, தமிழரல்லாத ஓர் ஓவியரின் ஒரே திரைப்படத்திற்குப் பெயராக அமைந்துள்ளது. குஜராத்தின் கபட்வஞ்ச் என்னும் ஊரில் 1925ஆம் ஆண்டு பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை மும்பையில் கழித்து, 2009ஆம் ஆண்டு மறைந்தவர் தையப் மேத்தா. இந்திய நவீன ஓவிய வரலாற்றில் முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் இவர், 1970ஆம் ஆண்டு பிலிம்ஸ் டிவிஷன் நிறுவனத்திற்காக 16 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை இயக்கினார். கதையோ விளக்கவுரையோ இல்லாத அப்படத்திற்கு அவர் இட்ட பெயர் ‘கூடல்’. ஃபிலிம்பேர் திறனாய்வாளர் விருதினையும் அப்படம் பெற்றது.

கூடல் என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. ஆறுகள் ஒன்றுசேரும் இடம் கூடல். மதுரைக்கு நான்மாடக்கூடல் என்பது பெயர். ஊடலுக்கு எதிரிணையாக நின்று தலைவன் தலைவியரின் சேர்க்கையைக் குறிப்பதும் அதுவே. திருக்குறளின் இறுதி அதிகாரமாகிய ஊடலுவகை இவ்விரண்டின் உறவைப் பேசியே நூலை நிறைவுசெய்கிறது. இவற்றோடு ‘கூடல் இழைத்தல்’ என்றொரு வழக்கும் உண்டு. பிரிந்தவன் வருவானோ மாட்டானோ என அறிய விரும்பும் பெண், கண்களை மூடிக்கொண்டு மணலில் வட்டமாகக் கோடு இழைக்கிறாள். கோட்டின் இரு முனைகளும் பொருந்தினால் அவன் வருவான் என்பது நம்பிக்கை. ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியின் நான்காம் பதிகத்தை இவ்வழக்கின் மேல் அமைத்துள்ளார்.

படத்தைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் இச்சொல்லுக்குச் ‘சந்திக்கும் இடம்’ என ஒரே பொருளைத் தந்து நகர்ந்துவிடுகின்றன. தமிழறிந்த பார்வையாளர் அவ்வளவில் நின்றுவிட இயலாது. எது எதனோடு கூடுகிறது, அக்கூடல் எத்தகையது என்னும் வினாக்கள் அவருக்கு உடனே எழும். படத்தின் மையக் காட்சிகள் மும்பையின் பாந்திரா இறைச்சிக்கூடத்தில் எடுக்கப்பட்டவை என்பதை அறியும்போது அவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன.

ஓவியத்தை நோக்கிப் பழகிய கண்ணைத் திரைப்படத்தின் காலத்திற்குள் இழுத்துவந்து, அக்கண் அதுவரை எதனைக் காணாது விட்டது என்பதை உணரச்செய்வதே ‘கூடல்’ நிகழ்த்தும் செயல் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. அச்செயல் எந்தப் பார்வையாளரிடம் நிறைவேறுகிறது, எவரிடம் நிறைவேறாது நிற்கிறது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

நடந்தும் நின்றும் இருந்தும்

திருமாலின் கோலங்களை நின்ற, இருந்த, கிடந்த என வைணவ மரபு பகுத்துக் கூறும். காணப்படுவதற்குக் கோலங்கள் இருப்பது போலக் காண்பவருக்கும் கோலங்கள் உண்டு. இந்திய மரபில் சிற்பம் நடந்து காணப்படுவது. நவீன ஓவியம் நின்று காணப்படுவது. திரைப்படம் இருந்து காணப்படுவது. இம்மூன்றும் வெவ்வேறு பழக்கங்கள் என்பதை மும்பைப் பகுதியில் வாழும் ஒருவர் ஒரே நாளில் உணர்ந்துகொள்ளலாம்.

மும்பைக்கு வடகிழக்கே, கல்யாண் சந்திப்பைக் கடந்து செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் அம்பர்நாத். படைக்கலத் தொழிற்சாலையும் தீப்பெட்டித் தொழிற்சாலையும் இதனைத் தொழில் நகராக வளர்த்தன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளைப் போன்றே இங்கும் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வால்துனி ஆற்றங்கரையில் நிற்கும் இவ்வூர்ச் சிவன் கோயில் சிலாகார மன்னர் காலத்தது. அங்குள்ள கல்வெட்டு சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060 எனக் குறிக்கிறது. தமிழகக் கோயில்களின் நேர்ச்சுவர்களைக் கண்டு பழகியவருக்கு இக்கோயிலின் புறச்சுவர் வியப்பளிக்கும். முன்னே துருத்தியும் பின்னே ஒடுங்கியும் மடிப்பு மடிப்பாகச் செல்லும் அச்சுவரில் எந்தச் சிற்ப வரிசையையும் ஓரிடத்தில் நின்று முழுமையாகக் காண இயலாது. ஓர் அடி நகர்ந்தால் ஓர் உருவம் மறைகிறது, மற்றொன்று தோன்றுகிறது. உள்ளே கருவறை தரைமட்டத்திற்குக் கீழே அமைந்துள்ளது. மண்டபத்திலிருந்து படிகளில் இறங்கியே அதனை அடைய வேண்டும். ஆக, காண்பவரின் உடல் சுற்றியும் இறங்கியும் இயங்கினாலன்றி இக்கலைப்படைப்பு தன்னைக் காட்டுவதில்லை. எவ்வளவு நேரம் காண்பது, எங்கே நிற்பது, எதனைக் கடந்து செல்வது என்பவை காண்பவரின் கால்கள் செய்யும் முடிவுகள்.

ஓவியக் கூடம் இவ்வியக்கத்தைக் குறைத்துவிடுகிறது. வெள்ளைச் சுவர், சமமான ஒளி, சட்டகம், எதிரே நிற்கும் ஒருவர். எனினும் காலம் இன்னும் அவர் கையில்தான் உள்ளது. பிடிக்காத ஓவியத்தின் முன் அவர் மூன்று நொடி நிற்கலாம். பிடித்ததன் முன் முப்பது நிமிடம் நிற்கலாம். திரையரங்கிலோ உடல் இருக்கையில் கட்டுண்டுவிடுகிறது. காலம் படத்தொகுப்பாளரிடம் சென்றுவிடுகிறது. ஓவியமும் திரைப்படமும் ஒன்றையொன்று சந்திக்கும்போது உண்மையில் இடம் மாறுவது இக்கால உரிமையே. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்த்ரே பசான், ஓவியச் சட்டகம் கண்ணை உள்நோக்கிக் குவிப்பது என்றும் திரைச் சட்டகம் வெளிநோக்கி விரிப்பது என்றும் வேறுபடுத்தினார். இவ்வேறுபாடு இடம் பற்றியது. ‘கூடல்’ படத்திற்கு இதனினும் முதன்மையானது காலம் பற்றிய வேறுபாடு எனலாம். ஆயினும் சட்டகத்திற்கு வெளியே உள்ளது பற்றிய பசானின் கருத்து பின்னர்த் தேவைப்படும்.

ஓவியர்கள் எடுத்த படங்கள்

பிலிம்ஸ் டிவிஷன் 1948இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசு நிறுவனம். திரையரங்குகள் உரிம நிபந்தனையின்படி முழுநீளப் படத்திற்கு முன் அரசு ஏற்பளித்த குறும்படங்களைத் திரையிட வேண்டியிருந்தமையால், அணைக்கட்டுகள் பற்றியும் உழவு பற்றியும் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் குரல் சேர்க்கப்பட்ட இதன் படங்கள் சிற்றூர்க் கொட்டகை வரை சென்றன. அவை ஓடும் நேரத்தை வெளியில் நின்று கழிப்பதற்கென்றே பார்வையாளர்கள் பயன்படுத்திக்கொண்டதும் உண்மையே. இத்தகைய நிறுவனத்தில் 1960களின் பிற்பகுதியில் ஓவியர்களுக்குக் கதவு திறந்தது வியப்பிற்குரியது.

முதலில் நுழைந்தவர் எம்.எஃப். உசேன். இளமையில் பம்பாய்த் தெருக்களில் திரைப்பட விளம்பரத் தட்டிகள் வரைந்து வாழ்ந்த அவர், 1967இல் ‘ஓர் ஓவியனின் கண்கள் வழியே’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு குறும்படம் எடுத்தார். ராஜஸ்தானின் கோட்டைகள், தெருக்கள், மணல்வெளிகள். அவற்றிற்கிடையே மீண்டும் மீண்டும் வரும் குடை, அரிக்கேன் விளக்கு, காலணி. இவற்றை இணைக்கும் கதை இல்லை. இசை உண்டு, அதனை அமைத்தவர் புல்லாங்குழல் கலைஞர் ஏல்சூரி விஜயராகவ ராவ். அவ்வாண்டு பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்திற்கான தங்கக் கரடி விருதினை இப்படம் பெற்றது.

இதனைச் சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ‘உட்கண்’ என்னும் பொருளுடைய ஆவணப்படத்தோடு ஒப்பிடுதல் பயனுடையது. பார்வையிழந்த ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியைப் பற்றிய அப்படம், ராயின் சொந்தக் குரலில், ஓவியரின் வாழ்வையும் படைப்பையும் அழகுற எடுத்துரைக்கிறது. நல்ல ஆசிரியர் ஒருவர் மாணவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது போன்ற படம் அது. ஓவியத்தை எவ்வாறு காண்பது என அது கற்பிக்கிறது. உசேனின் படமோ எதனையும் கற்பிப்பதில்லை. ஓவியத்தைக் காட்டாமல் ஓவியருடைய கண்ணின் பழக்கத்தை மட்டும் காட்டுகிறது. குடையும் விளக்கும் அருகருகே வரும்போது, இவை ஏன் சேர்ந்தன எனப் பார்வையாளரே எண்ண வேண்டியுள்ளது. இரண்டும் சிறந்த படங்களே. ஆனால் பார்வையாளரைக் குழப்பத்தில் விடத் துணிந்தது உசேனின் படம்.

மேத்தாவின் கட்டுண்ட காளை

மேத்தா திரைப்படத்திற்குப் புதியவர் அல்லர். சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்வதற்கு முன்பே பம்பாயில் திரைப்பட ஆய்வகம் ஒன்றில் படத்தொகுப்புப் பணி செய்தவர். படச்சுருளை எங்கே வெட்டுவது, எதனோடு ஒட்டுவது என்பதை ஓவியப் பயிற்சிக்கு முன்பே அவர் கைகள் அறிந்திருந்தன. 1947இல் முகம்மது அலி சாலையில் தம் வீட்டுச் சன்னலிலிருந்து, கூட்டம் ஒன்று இளைஞர் ஒருவரைத் தெருவில் அடித்துக் கொன்றதைக் கண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மேலிருந்து கீழே, தடுக்க இயலாத நிலையில் கண்ட காட்சி அது. தலைகீழாக விழும் மனித உருவங்களை அவர் வாழ்நாள் முழுதும் வரைந்ததற்கும் இந்நினைவிற்கும் தொடர்பு கூறப்படுவதுண்டு. அத்தொடர்பை நேர்க்கோடாக இழுப்பது எளிமைப்படுத்துதலே ஆகும். ஆயினும் காண்பவரின் செயலின்மை என்னும் பொருள் அவர் படைப்புகளில் தொடர்ந்து வருவது மறுக்கவியலாதது.

அவர் 1950களிலிருந்து வரைந்த முதன்மை உருவங்களுள் ஒன்று கட்டுண்ட காளை. இறைச்சிக்கூடத்தில் கால்கள் பிணிக்கப்பட்டுக் கிடக்கும் விலங்கினைத் தடித்த கோடுகளாலும் அடர்ந்த வண்ணப் பரப்புகளாலும் அமைத்த ஓவியம் அது. ரெம்பிராண்ட் 1655இல் வரைந்த, தோலுரித்துத் தொங்கவிடப்பட்ட எருதின் ஓவியத்திலிருந்து பிரான்சிஸ் பேக்கன் வரை நீளும் ஐரோப்பிய மரபு ஒன்றினையும் இது நினைவூட்டும். இவ்வோவியத்தின் முன் நிற்பவர் பெரும்பாலும் எதனைக் காண்கிறார்? வடிவத்தைக் காண்கிறார். உடலின் திரட்சி, கோட்டின் உறுதி, வெளியின் பகுப்பு ஆகியவற்றைப் பாராட்டுகிறார். அவ்வாறு பாராட்டுவதே நல்ல ஓவியச் சுவைஞரின் இலக்கணம் என நவீனக் கலைக் கல்வி பயிற்றுவித்துள்ளது. வடிவத்தின் அழகு, வடிவத்திற்குக் காரணமான கயிற்றினை மறைத்துவிடுகிறது.

‘கூடல்’ படத்தில் அதே காளை அசைகிறது. வேறுபாடு இவ்வளவே, ஆனால் இதுவே எல்லாம். ஓவியத்தில் வடிவமாக நின்ற முறுக்கம் படத்தில் ஓர் உயிரின் முயற்சியாகிறது. முயற்சிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அம்முடிவு வரும்வரை பார்வையாளர் அமர்ந்திருக்க வேண்டும். மூன்று நொடியில் அடுத்த ஓவியத்திற்குச் செல்லும் உரிமை அவருக்கு இல்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், ஆனால் அப்போது தாம் மூடிக்கொண்டதை அவர் அறிகிறார். ஓவியக் கூடத்தில் அவர் அடுத்த சுவருக்கு நகர்ந்தபோது இவ்வறிவு அவருக்கு ஏற்பட்டதில்லை. ஆகவே இப்படம் இறைச்சிக்கூடத்தைப் பற்றியது என்பதைவிட, ஓவியத்தின் முன் நின்ற பழைய நிலையைப் பற்றியது எனக் கூறுவது பொருந்தும். படத்தைக் கண்டபின் மீண்டும் ஓவியத்திடம் செல்பவர் முதலில் காண்பது வடிவத்தை அன்று, கயிற்றை.

உவமையும் இறைச்சியும்

விலங்குக் கொலையைத் திரைப்படம் இதற்கு முன்பும் கையாண்டுள்ளது. 1925இல் வெளிவந்த ‘வேலைநிறுத்தம்’ படத்தின் இறுதியில் செர்கேய் ஐசன்ஸ்டீன், தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சிகளுக்கிடையே மாடு அறுக்கப்படும் காட்சிகளை வெட்டி ஒட்டினார். அங்கே மாடு உவமை, தொழிலாளர் பொருள். உவம உருபு இல்லையே தவிர, எது எதற்கு ஒப்பு என்பதில் ஐயம் இல்லை. 1949இல் ஜார்ஜ் ஃபிராஞ்சு பாரீசின் இறைச்சிக்கூடங்களைப் பற்றி எடுத்த ‘விலங்குகளின் குருதி’ இதற்கு மாறானது. அமைதியான விளக்கக் குரல், கருவிகளின் பெயர், தொழிலாளியின் திறன் என எதனையும் உவமையாக்காமல் தொழிலாகவே அது காட்டிச் செல்கிறது. மாடு அங்கே மாடுதான்.

‘கூடல்’ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. விலங்கின் உடலும் மனித உடலும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. எனவே ஃபிராஞ்சுவின் படம்போல் இதனைத் தொழில் ஆவணமாகக் கொள்ள இயலாது. ஆனால் மாடு மனிதனுக்கு உவமை என முடிக்கவும் படம் இடந்தரவில்லை. எது பொருள், எது உவமை என்னும் வரிசை நிலைபெறுவதற்கு முன்பே அது தலைகீழாகிறது.

தமிழ் ஆய்வாளர் இவ்விடத்தில் தொல்காப்பியத்தை நாடுவது இயல்பு. உவம உருபின்றி, கருப்பொருள் வழியே உரைக்கப்படாத ஒன்றினை உணர்த்தும் உள்ளுறை உவமம் நினைவிற்கு வரும். உசேனின் குடையையும் விளக்கையும் கருப்பொருள்களாகக் கொண்டு பாலைத்திணைப் படமாக அதனை விளக்கிவிடவும் கூடும். இத்தகைய பொருத்திக் காட்டல்கள் கருத்தரங்குகளில் கைதட்டல் பெறுவன. படத்திற்கு அவற்றால் பயன் குறைவு. உள்ளுறைக்கு அடிப்படை, புலவனுக்கும் கேட்போர்க்கும் பொதுவான ஒரு குறிமரபு. எருமை தாமரையை மேய்ந்தால் அது மருதத்துத் தலைவனின் ஒழுக்கத்தைச் சுட்டும் என்பது இருவரும் முன்னரே அறிந்தது. மேலும் உள்ளுறைக்குக் கூற்று நிகழ்த்துபவர் ஒருவர் தேவை. தோழியோ தலைவியோ கூறினால்தான் அதன் குறிப்பு திசைகொள்ளும். உசேனின் படத்தில் பொதுக் குறிமரபும் இல்லை, கூற்றுக்குரியவரும் இல்லை. பொருள் கண்டாக வேண்டும் என்னும் பழக்கத்தையே அவர் படம் கேள்விக்குள்ளாக்குகிறது. அதனிடம் உள்ளுறை கேட்பது, பூட்டிய கதவு என எண்ணிச் சுவரைத் தட்டுவது போன்றது.

‘கூடல்’ படத்திற்கு நெருங்கி வருவது பொருளியல் கூறும் இறைச்சி என்னும் கருத்தாக்கம். அதனை விளக்குவதில் இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வேறுபடுவர். எனினும் உவமைபோல் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருத்தி முடித்துவிட இயலாததாய், உரிப்பொருளின் புறத்தே நின்று அதனைத் தொட்டுச் செல்லும் பொருள் என அதனைக் கொள்ளலாம். இறைச்சிக்கூடத்தில் எடுத்த படத்திற்கு இக்கலைச்சொல் பொருந்தி வருவது சொல்லளவில் நேர்ந்த தற்செயலே. அதன்மேல் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. ஆயினும் உவமையாக முடியாது எஞ்சி நிற்கும் குறிப்பு என்னும் கருத்து, ‘கூடல்’ பார்வையாளரிடம் விட்டுச்செல்வதைப் பிற கலைச்சொற்களைவிடச் செம்மையாகச் சுட்டுகிறது.

மேத்தாவின் பிற்கால ஓவியங்கள் இதற்கு அரண் செய்கின்றன. 1990களில் அவர் வரைந்த மகிடாசுரன் ஓவியங்களில் தேவியின் உடலும் எருமையின் உடலும் பின்னிக் கிடக்கின்றன. கொல்பவர் யார், கொல்லப்படுவது எது, இது போரா தழுவலா எனப் பிரித்தறிவது எளிதன்று. மாமல்லபுரத்து மகிடமர்த்தினி குகைச் சிற்பத்திலும் மகிடன் எருமைத் தலையும் மனித உடலுமாகக் கதையேந்தி நிற்கிறான். தேவியின் காலடியில் இன்னும் வீழ்ந்துவிடவில்லை. பல்லவச் சிற்பி முடிவிற்கு முந்திய கணத்தைத் தேர்ந்தார். மேத்தா முடிவும் தொடக்கமும் ஒன்றாகும் கணத்தைத் தேர்ந்தார். விலங்கும் மனிதமும் கூடும் கூடலை அவர் படத்தில் முதலில் கண்டு, இருபது ஆண்டுகளுக்குப் பின் ஓவியத்தில் வரைந்தார் எனக் கூறின் தவறாகாது.

கண்மூடி இழைத்த கோடு

அதே 1970ஆம் ஆண்டில் அதே நகரில் மற்றோர் ஓவியரும் கூடல் என்றே பொருள்படும் தலைப்பில் ஒரு படம் எடுத்தார் என்பது சுவையான செய்தி. அக்பர் பதம்சீ தமக்குக் கிடைத்த ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கையைக் கொண்டு, பம்பாய் நேப்பியன்சீ சாலையில் ‘விஷன் எக்ஸ்சேஞ்ச்’ என்னும் பட்டறையை 1969 முதல் 1972 வரை நடத்தினார். ஓவியர்களும் திரைப்படக் கலைஞர்களும் ஒருவர் கருவியை ஒருவர் கையாண்ட இடம் அது. நளினி மலானி, அட்டை மாதிரிகளையும் வண்ண ஒளியையும் கொண்டு ‘கனவு வீடுகள்’ என்னும் அசைவுப்படத்தை 1969இல் உருவாக்கியது இங்கேதான். பதம்சீயின் ‘சிசிஜி’ ஏறத்தாழ ஆயிரம் கோட்டோவியங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து ஆக்கிய ஒலியற்ற படம். அசைவுப்படத் துறையின் முன்னோடி ராம் மோகன் அதில் உடன் பணியாற்றினார். விண்கோள்கள் ஒரே கோட்டில் கூடுவதைக் குறிக்கும் அச்சொல்லின் கிரேக்க மூலத்திற்கு ‘ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவை’ என்று பொருள். நுகம் என்றவுடன் காளையும் வந்துவிடுகிறது.

இரு படங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறானவை. மேத்தாவிடம் குருதியும் உடலும்; பதம்சீயிடம் புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே. ஆனால் பார்வையாளரிடம் இரண்டும் செய்வது ஒன்றே. முடிந்த ஓவியத்தைக் காணும் இன்பத்தை ‘சிசிஜி’ மறுக்கிறது. ஒரு கோடு தோன்றி மற்றொன்றை நாடிச் செல்கிறது, பொருந்துகிறது, கலைகிறது. எந்த வடிவத்தையும் உரிமையாக்கிக்கொள்ளக் கண்ணுக்கு நேரம் தரப்படுவதில்லை. கூடல் இழைக்கும் பெண்ணின் கோட்டினை இங்கு எண்ணிப்பார்க்கலாம். அவள் இழைக்கும் கோடு அழகிற்காக இழைக்கப்படுவதன்று. இழைக்கும்போது அவள் அதனைக் காண்பதும் இல்லை. முனைகள் பொருந்துமா என்னும் அச்சமே அக்கோட்டின் பொருள். கண் திறந்தபின் மணலில் எஞ்சியிருக்கும் வட்டம் வெறும் சுவடு. ஓவியம் என நாம் சுவரில் மாட்டி வைப்பது அச்சுவட்டினை மட்டுமே என்பதையும், கோடு நிகழ்ந்த காலத்தை நாம் இழந்துவிட்டோம் என்பதையும் இவ்விரு படங்களும் வெவ்வேறு வழியில் காட்டுகின்றன.

இவை தமிழ்த் திறனாய்வில் உரிய இடம் பெறாமைக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. 1970இல் ‘கசடதபற’ வெளிவரத் தொடங்கியது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் நெருங்கிப் பழகிய காலம் அது. எனினும் அவ்வுறவு பெரிதும் அச்சிட்ட தாளில் நிகழ்ந்தது. தமிழ்த் துறைகள் திரைப்படத்தை ஆய்விற்கு ஏற்றபோதும் கதை, உரையாடல், பாடல் என இலக்கியத்திற்குப் பழகிய பகுதிகளையே ஏற்றன. சொல்லே இல்லாத படத்திற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லாது போயிற்று. தலைப்பாக ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைத் தாங்கிய படம்கூட நம் கவனத்திற்கு வராமற்போனது அதனால்தான்.

படச்சுருள்களின் நிலையும் ஒரு காரணம். பதம்சீ 1969இல் எடுத்த மற்றொரு படமாகிய ‘முகில் அறை நிகழ்வுகள்’ காணாமற்போயிற்று. ஆஷிம் அலுவாலியா முதிய பதம்சீயுடன் சேர்ந்து 2016இல் அதனை நினைவிலிருந்து மீட்டெடுக்க முயன்று ஒரு படம் எடுத்தார். ‘கூடல்’ அரசு நிறுவனத்தின் கிடங்கில் இருந்தமையால் பிழைத்தது. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

சட்டகத்திற்கு வெளியே

இதுவரை கூறியவை ஓவியக் கூடத்திற்குச் சென்று பழகிய பார்வையாளரை முன்வைத்தவை. ‘கூடல்’ தரும் அதிர்ச்சி, கொலையைக் காணாது வாழ இயன்றவருக்கு உரியது. கயிறு அவருக்குப் புதிது. ஆகவேதான் அது வெளிப்பாடாகிறது. கயிறு புதிதல்லாதவர் இப்படத்தில் எதனைக் காண்பார் என்னும் வினாவைப் படமும் எழுப்பவில்லை, அதனைப் பாராட்டியோரும் எழுப்பவில்லை.

மும்பைத் தமிழர் வரலாற்றில் இவ்வினாவிற்கு இடம் உண்டு. பாந்திரா இறைச்சிக்கூடத்திற்கு அண்மையில், மாகிம் ஓடையின் கரையில் அமைந்தது தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தோல் பதனிடும் கூடங்கள் தோன்றியதற்கு இறைச்சிக்கூடத்தின் அண்மையே முதன்மைக் காரணம். அக்கூடங்களை அமைத்தவர்களுள் தமிழகத்து முசுலிம் வணிகர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவற்றில் உழைத்தவர்களுள் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருந்தொகையினர். அறுபட்ட விலங்கின் தோல் அன்றன்றே அவர்கள் கைகளுக்கு வந்தது. உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, எஞ்சிய தசையைச் சுரண்டி எடுக்கும் வேலையில் மாட்டின் உடல் ஓர் உவமையும் அன்று, வடிவமும் அன்று. எங்கே தழும்பு உள்ளது, எங்கே கத்தி ஆழப் பதிந்து தோலைக் கெடுத்துள்ளது என்பதைத் தேடும் கண் அது. ஓவியரின் கண்ணினும் குறைந்த பயிற்சியுடையதன்று. இறைச்சிக்கூடம் 1971இல் தேவ்நாருக்கு மாற்றப்பட்டது. ஆகவே மேத்தாவின் படம் அவ்விடத்தின் கடைசி ஆண்டுகளைப் பதிவு செய்ததாகிறது. பதனிடும் பணி பின்னர்ப் பெரும்பாலும் தாராவியை விட்டு நீங்கியபோதும் தோற்பொருள் செய்யும் கூடங்கள் அங்கே நிலைத்தன.

திரைச் சட்டகம் கண்ணை வெளிநோக்கி விரிக்கும் என்னும் பசானின் கருத்து இங்கே வேறொரு பொருள் பெறுகிறது. ‘கூடல்’ படத்தின் சட்டகத்திற்கு வெளியே, சிறிது தொலைவில், அத்தலைப்பினைப் படிக்கத் தெரிந்த மக்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். அவர்கள் மொழியின் சொல் படத்திற்குள் நுழைந்தது. அவர்கள் கைகள் நுழையவில்லை. இதனை மேத்தாவின் குறையாகச் சாட்டுவது பொருந்தாது. பதினாறு நிமிடப் படம் ஒன்று எல்லாவற்றையும் காட்டக் கடமைப்பட்டதன்று. ஆனால் விலங்கும் மனிதனும் கூடும் இடம் எது எனக் கேட்டால், கொலைக்களத்தில் ஒரு கணம் என்று படம் கூறும். சுண்ணாம்புத் தொட்டியின் ஓரத்தில் ஒவ்வொரு நாளும் என்று தாராவி கூறும். இறைச்சிக்கூடத்து வாயிலில் படப்பிடிப்புக் கருவி நின்றுவிட்டது. தோலை ஏற்றிய வண்டி ஓடையைக் கடந்து சென்றது.